சுருதி இறங்கும்போது

பிப்ரவரியில் எங்கள் சமவெளி
ஸாம்பெஸிக்குச் சொந்தம்.
சாலை என்று ஒன்று இருந்ததை
மின்கம்பங்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கும்.
இனோங்கே நள்ளிரவில் படகில் வந்தாள்.
மூன்று மணி நேரம்.
அடியில் விரித்த பாயெல்லாம் ரத்தம்.

முகெலபாய் கை கழுவுகிறார், கத்தி அவருடையது.
தூங்கவைப்பவள் நான்,
நசிலேலே. மருத்துவர் அல்ல.
இந்த மாவட்டத்துக்கே தூக்கம் தருகிறவள் நான் ஒருத்தி,
என் தூக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை.

மூலையில் நிற்கிறதே பெரிய இயந்திரம்,
அது கப்பலேறி வந்தது.
இறக்கிய அன்று கைகுலுக்கல், நிழற்படம், ஃபான்டா.
சுவரிலிருந்து ஆக்சிஜன் வரும் என்று
நம்பி வளர்ந்த இயந்திரம்.
எங்கள் சுவரிலிருந்து பல்லிதான் வரும்.
இப்போது அதன்மேல் கையுறைப் பெட்டிகளை அடுக்குகிறோம்.
நன்றிகெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள்,
நல்ல உயரம் அது.

வேலை செய்வது இந்த மஞ்சள் டப்பா.
உள்ளங்கையில் அடங்கும்.
ஒரு கவ்வி, ஒரு எண், ஓர் ஓசை.
கொடுத்தவர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை,
லுசாக்காவில் இரண்டு நாள் உட்காரவைத்தார்கள்.
ஒயுன்சிமெக் என்று ஒருத்தி, மங்கோலியாக்காரி,
என் வயதுதான் இருக்கும்.
"எங்களுக்கும் மின்சாரம் போகும்,
ஆனால் பனியில் போகும்" என்று சிரித்தாள்.
எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள்.
ஓசையைக் கேட்டு எண்ணைச் சொல்ல வேண்டும்.
தொண்ணூற்றெட்டு என்றோம்.
தொண்ணூற்றொன்று.
எண்பத்தாறு என்பதற்குள்
அறையில் யாரோ அழுதுவிட்டார்கள்.
யாரென்று கேட்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது.
மாமரத்திலிருந்து விழுந்தவன், முழங்கை முறிவு.
அப்போது டப்பா இல்லை.
நாடியில் என் விரல், நெஞ்சில் என் காது,
உதடு நீலமாகிறதா என்று பார்க்க ஒரு டார்ச்.
கறுத்த உதட்டில், மஞ்சள் வெளிச்சத்தில்
நீலம் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
அதைத்தான் அவன் அப்பாவிடமும் சொன்னேன்.

இனோங்கேவின் விரல் நகங்களில் நீலப் பூச்சு,
யாருடைய கல்யாணத்துக்கோ பூசியது.
நீலத்தின் வழியே டப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது.
துடைக்க நேரமில்லை,
கால் பெருவிரலில் மாட்டினேன் கவ்வியை.
கெட்டமைன். தசையைத் தளர்த்தும் ஊசி. குழாய்.
கத்தி இறங்கியது.
ஜெனரேட்டர் இருமி, நின்றது.

யாரும் அலறவில்லை, பழகிய இருட்டு.
சித்தாலி கைப்பேசி விளக்கைத் துழாவுகிறாள்.
நான் பையை அமுக்குகிறேன், விடுகிறேன்.
டப்பா தன் பேட்டரியில் பாடிக்கொண்டிருக்கிறது.
பிறகு சுருதி ஓர் இழை இறங்கியது.
இன்னும் ஓர் இழை.
மனம் உடனே வக்கீல் வைத்துக்கொண்டது:
கால் குளிர்ந்திருக்கும், கவ்வி நழுவியிருக்கும்,
குழாய் சரியாகத்தான் போனது,
பார்த்தேனே.

பார்த்தேன்.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.

உருவினேன்.
"நிறுத்துங்கள்" என்றேன் முகெலபாயிடம்,
கத்தியிடம் அப்படி நான் பேசியதே இல்லை.
முகமூடியை அழுத்தி மூச்சைத் தள்ளினேன்.
எண்பத்தொன்று என்றது இருட்டு.
எண்பத்தொன்று.
எண்பத்து மூன்று.
வெள்ளத்தை எதிர்த்து
துடுப்புக்குத் துடுப்பு ஏறி வந்தது ஓசை.
தொண்ணூற்றைந்தில் வெளிச்சம் கேட்டேன்.
இரண்டாவது குழாய்.
இம்முறை கண்ணை நம்பாமல்
இருபது மூச்சு காத்திருந்தேன்.
பிறகுதான் முகெலபாய்க்குத் தலையசைத்தேன்.
இருட்டில் அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பதிவேட்டில் 'சிக்கல்' என்று ஒரு கட்டம் உண்டு.
முன்பெல்லாம் அதில் கோடு இழுப்போம்.
எழுதினேன்:
குழாய் உணவுக்குழலில் போனது.
ஓசையால் தெரிந்தது. மாற்றப்பட்டது.
கீழே என் பெயர், முழுதாக.

காலையில் இனோங்கே கண் விழித்தாள்.
குழந்தையைப் பார்த்தாள், விரல்களை எண்ணினாள்.
பிறகு போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்துக் கேட்டாள்:
"என் பெருவிரலை யார் கடித்தது?"